மலர்க்கொடி கோலாலம்பூரில் துண்டு போட்ட கதை

புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, மலர்க்கொடி வயலிலிருந்தே வெளிநாட்டுக்குக் கிளம்பினாள். காலையில் இறங்கிய வயலில் பாதி நட்டாகிவிட்டது. மீதிப் பாதியில் நாற்று முடிச்சுகள் வீசிக் கிடந்தன. அவள் போர்செட் தண்ணீரில் கைகாலைக் கழுவிக்கொண்டு, புடவைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையைக் கழற்றினாள்.

“பாதி நடவுல தலைவி ஓடிப்போற செட்டு நம்ம செட்டு ஒண்ணுதான்டி,” என்றாள் ராமாயி, குனிந்த முதுகை நிமிர்த்தாமலே.

“ஓடலக்கா. பறக்கறேன்.”

வயல் முழுக்கச் சிரித்தது. மயிலாடுதுறைப் பக்கம், குத்தாலத்துக்குத் தெற்கே நாலைந்து ஊர்களில் நடவு என்றால் மலர்க்கொடி செட்டைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாரும் பெண்கள். வேலை பேசுவது, ஆள் சேர்ப்பது, வரிசை கோணாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் மலர்க்கொடியின் பொறுப்பு. அவளுக்கு அடுத்தபடி ராமாயி. ராமாயிக்கு வேலையில் குறை சொல்ல முடியாது, வாயில்தான் பூட்டு கிடையாது.

“அந்தப் பால்கோவாவ நேர்ல பாக்கத்தான இந்த ஓட்டம்? நீ இருக்கற உசரத்துக்கு மேடையா தெரியும்? முன்னாடி நிக்கறவன் முதுகுதான் தெரியும். முதுகப் பாக்கவா பிளேன் ஏறணும்? இங்கயே என் முதுகப் பாத்துக்கிட்டு நில்லு.”

மலர்க்கொடிக்கும் ஒரு வாரமாக அதே பயம்தான். நின்ற இடத்தில் அவள் தலை ராமாயியின் தோளுக்குக்கூட வராது.

பால்கோவா என்று ராமாயி சொன்னது தோயுனை. கொரியாக்காரன், போம்பி என்ற பாட்டுக்குழுவில் இருக்கும் ஐந்து பையன்களில் ஒருவன். போம்பி என்றால் அவர்கள் பாஷையில் வசந்தகாலத்து மழை என்று மகள் பரிதி சொல்லியிருந்தாள். உண்மையில் அந்தப் பித்து முதலில் பரிதிக்குத்தான் பிடித்தது. காலேஜில் படிக்கிறபோது ராப்பகலாக அந்தப் பாட்டுகளைக் கேட்டாள். பிறகு கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்துப் போனவள், பழைய போனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். போனில் இருந்த பாட்டுகளும் அம்மாவிடமே தங்கிவிட்டன. மகளுக்கு வேலைக் கவலையில் பித்து தெளிந்தது. அம்மாவுக்கு ஏறிக்கொண்டது.

முதலில் சமையல் செய்கிறபோது கேட்டாள். அப்புறம் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வரப்பில் வைத்தாள். நடவாட்கள் முதல் நாள் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பாட்டின் தாளத்துக்குக் கை தானாக ஓடியது. மூன்றாம் நாள் வயல்காரர் ஒருவர் வந்து, “என்னம்மா, சாமி வந்த மாதிரி நடறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். அர்த்தம் ஒருத்திக்கும் தெரியாது. ஆனாலும் எந்த இடத்தில் யார் இழுப்பார், யார் விடுவார் என்று எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்தத் தோயுன் மார்கழியில் பட்டாளத்துக்குப் போகப்போகிறான். அவர்கள் நாட்டில் வயசு வந்த ஆம்பளைகள் எல்லாரும் கட்டாயம் போகவேண்டுமாம். போனால் ஒன்றரை வருஷம் பாட்டும் கிடையாது, ஆட்டமும் கிடையாது. திரும்பி வந்து பழையபடி ஆடுவானா என்பதும் யாருக்கும் தெரியாது. போவதற்கு முன்னால் கடைசியாகச் சில ஊர்களில் கச்சேரி. அதில் ஒன்று கோலாலம்பூர்.

“உக்காந்து பாக்கற டிக்கெட் தூரமா இருக்கும்மா. நின்னு பாக்கறது மேடைக்குக் கிட்ட,” என்று பரிதி போனில் சொன்னபோது, மலர்க்கொடி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“உக்காந்து பாக்க வீட்ல டிவி இருக்குடி. நிக்கறேன்.”

நிற்பது அவளுக்குப் பெரிய காரியமா? வருஷம் பூராவும் குனிந்தே கிடப்பவளுக்கு நிற்பது ஓய்வு மாதிரி. உயரத்தைப் பற்றிய ஞாபகம் டிக்கெட் வாங்கிய பிறகுதான் வந்தது.

கணவன் வளவன் டிராக்டரை ஓரங்கட்டிவிட்டுத் திருச்சி வரைக்கும் கூட வந்தான். விமான நிலைய வாசலில் பையைக் கொடுத்துவிட்டு, “அவன் உன்னப் பாத்து சிரிச்சான்னா அங்கயே இருந்துராத. தாளடி நடவுக்கு ஆள் இல்ல,” என்றான். அவள் அவன் கையைக் கிள்ளிவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை மத்தியானமே அம்மாவும் மகளும் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏற்கெனவே கூட்டம். எல்லாம் பரிதி வயசுப் பெண்கள், அவளைவிடச் சின்னவர்கள். மலேசியாக்காரர்கள், சீனத்துப் பெண்கள், முக்காடு போட்ட இந்தோனேசியப் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு விளக்குக் குச்சி. பரிதி அம்மாவுக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். மலர்க்கொடி அதை எரியவிட்டு அணைத்து, அணைத்து எரியவிட்டுப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ராத்திரி வயல்ல எலி பாக்க ஆவும்.”

“அம்மா, மெதுவா. கேக்கறாங்க.”

“தமிழ் யாருக்குத் தெரியும்?”

முன்னால் நின்ற பெண் திரும்பி, “எனக்குத் தெரியும் ஆண்ட்டி,” என்று சிரித்தாள். வரிசையே சிரித்தது.

கதவு திறந்தபோதுதான் விஷயம் கைமீறியது. எல்லாரும் ஓடினார்கள். மலர்க்கொடிக்கு இந்த ஓட்டம் புதிது இல்லை. மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் சாயங்கால பஸ் உள்ளே நுழையும்போது இருக்கிற கூட்டத்தைவிட இது நாகரிகமான கூட்டம். யார் இடுப்புக்கும் யார் முழங்கைக்கும் நடுவில் சந்து கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் உயரம் அவளுக்கு உதவிக்கு வந்தது. பத்துப் பேரைக் கடந்து, இருபது பேரைக் கடந்து, நிமிர்ந்து பார்த்தால் கையில் இரும்புக் கம்பி. கம்பிக்கு அந்தப்பக்கம் மேடை. கூட்டத்துக்குள் நீண்டு வந்த மேடையின் நுனி அவள் கண் எதிரே இருந்தது. நடுவில் ஒரு முதுகுகூட இல்லை.

“ராமாயிக்கா, பாத்தியா!” என்று வாய்விட்டே சொன்னாள். திரும்பினாள். பரிதியைக் காணோம்.

போன் பரிதியின் பையில். அவள் எங்கே நின்றுவிட்டாளோ? மயக்கம் போட்டாளோ? மிதிபட்டாளோ? பெண்ணைத் தேடிப் போனால் இந்த இடம் போய்விடும். இவ்வளவு தூரம் வந்ததே இந்த இடத்துக்காகத்தான். போகாமல் நிற்கவும் முடியாது. பெற்றவள் அல்லவா?

அப்போது மலர்க்கொடி தன் வாழ்நாள் முழுக்கச் செய்ததையே செய்தாள். இடுப்பில் செருகியிருந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டை உருவி, உதறி, கம்பியில் விரித்துப் போட்டாள். பஸ் ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு போட்டால் அந்த இடம் உங்களுடையது. அதை எடுத்துவிட்டு உட்காருகிற ஆள் மயிலாடுதுறையில் இன்னும் பிறக்கவில்லை. அந்தச் சட்டம் கோலாலம்பூரில் செல்லுமா என்று யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை. வந்த வழியே கூட்டத்தைப் பிளந்துகொண்டு திரும்பினாள்.

பரிதி பையைச் சோதிக்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாய் நிறையச் சோறு.

“என்னடி பண்ற?”

பரிதி கையால் சைகை காட்டினாள். விழுங்கினாள். “புளிச்சோறும்மா! வெளிச்சாப்பாடு உள்ள விடமாட்டாங்களாம். ஒண்ணு குப்பையில போடு, இல்ல தின்னுட்டு வான்னு இந்த செக்யூரிட்டி சொல்றார். நீ கட்டின சோத்தக் குப்பையில போட்டா நீ என்ன உயிரோட விடுவியா?”

மலர்க்கொடிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டப்பாவை வாங்கி ஒரு உருண்டையைத் தன் வாயில் போட்டாள். இன்னொன்றைக் காவலாளியின் முன்னால் நீட்டினாள். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். மூன்று பேருமாகத் தீர்த்தார்கள்.

“எடம் புடிச்சிட்டேன்டி. கம்பியில. துண்டு போட்டுட்டு வந்திருக்கேன்.”

பரிதி அப்படியே நின்றுவிட்டாள். “துண்டா? அம்மா, இது என்ன கும்பகோணம் பஸ்ஸா? இங்க யாரும்மா துண்டப் பாத்து எடம் விடுவா? போச்சு. எல்லாம் போச்சு.”

மலர்க்கொடியின் முகம் சுருங்கிவிட்டது. ராமாயி சொன்னது பலித்துவிடும் போலிருந்தது. இருவரும் “சாரி, சாரி” என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். முதுகுகள். எங்கும் முதுகுகள். பைகள், பின்னல்கள், முக்காடுகள். கம்பிக்கு அருகில் போனபோது கடைசி முதுகும் விலகியது.

துண்டு போட்டது போட்டபடி கிடந்தது. அதற்கு இரண்டு பக்கமும் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். துண்டுக்கு நேராக மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலி. பக்கத்தில் நின்ற இந்தோனேசியப் பெண் ஒருத்தி, யாரும் நுழையாதபடி கையைக் குறுக்கே வைத்துக் காவல் இருந்தாள். மலர்க்கொடியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு ஆவலோடு என்னவோ கேட்டாள்.

பரிதி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னடி கேக்கறா?”

“இந்தத் துண்டு எந்தக் கடையில வித்தாங்கன்னு கேக்கறா. இங்க எல்லாரும் பாட்டுக்காரங்க பேர் போட்ட துண்டு வாங்குவாங்கம்மா. இதுவும் போம்பியோட துண்டு, புது மாடல்னு நெனச்சிருக்கா. அதான் பத்திரமா பாத்துக்கிட்டு நின்னிருக்கா.”

“குத்தாலம் சந்தையில கெடைக்கும்னு சொல்லு.”

பரிதி சொன்னாள். அந்தப் பெண் குத்தாலம் என்ற பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனில் தேட ஆரம்பித்தாள். அம்மா கம்பியில், மகள் அம்மாவுக்குப் பின்னால். விளக்குகள் அணைந்தன.

அதற்கப்புறம் நடந்ததை மலர்க்கொடியால் இன்றைக்கும் வரிசையாகச் சொல்ல முடியாது. சத்தம் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது என்பாள். ஐந்து பேரும் வந்து நின்றபோது, “அடியே, நெசமாவே இருக்கானுவடி!” என்று கத்தினாளாம். தோயுன் போனில் தெரிவதைவிட ஒல்லி. கழுத்து நரம்பு தெரிந்தது. அவனுக்குச் சோறு போட யாரும் இல்லையா என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

ஐந்தாறு பாட்டுக்குப் பிறகு, அவர்கள் நடவு வயலில் தினமும் கேட்கிற அந்தப் பாட்டு வந்தது. ஐந்து பேரும் நீள மேடையில் ஒரே வரிசையாக நின்று, குனிந்து, பின்னால் பின்னால் அடி வைத்துப் போனார்கள். சின்னத் திரையில் ஆயிரம் தடவை பார்த்த ஆட்டம்தான். ஆனால் திரை ஒரு முகத்தைக் காட்டும், ஒரு காலைக் காட்டும். முழு வரிசையை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். நடவும் இப்படித்தான். முன்னால் போகிற வேலை இல்லை அது. வரிசையாகப் பின்னால் நகர்ந்துகொண்டே நட வேண்டும். ஒருத்தி பின்தங்கினால் வரிசை கோணிவிடும்.

குழுவில் கடைக்குட்டிப் பையனுக்கு அன்றைக்குக் கால் கொஞ்சம் தடுமாறியது. அரை அடி பிந்திவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த தோயுன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் அடியைச் சுருக்கினான். ஒன்று, இரண்டு. பையன் வந்து சேர்ந்துகொண்டான். வரிசை கோணவில்லை. செட்டில் புதுப்பெண் யாராவது சேர்ந்தால் மலர்க்கொடி அவளுக்குப் பக்கத்தில் நின்று செய்வதும் அதைத்தான்.

“அப்படித்தான்யா! அப்படித்தான்!” என்று அவள் கம்பியில் அடித்துக்கொண்டு கத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைப் பார்க்கத்தான் வந்தாள். இதைப் பார்ப்போம் என்று நினைக்கவில்லை.

கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் துண்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்கள். நீலத் துண்டுகளின் கடலில் சிவப்புக் கட்டம் ஒன்று. தோயுன் மேடை நுனிக்கு வந்தான். நின்றான். பார்த்தான். தலையைச் சாய்த்து, வாய் விட்டுச் சிரித்து, இடுப்பு வரை குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

மலர்க்கொடியைப் பார்த்துத்தான் என்று மலர்க்கொடி சொல்கிறாள். அம்மாவைத்தான் என்று பரிதியும் சத்தியம் செய்கிறாள். ஊருக்குத் திரும்பி, அந்த வருஷத்துச் சம்பா நடவு முடிவதற்குள் இந்தக் கதையை எல்லார் காதிலும் போட்டாகிவிட்டது.

“ஆமா, உன்னத்தான் பாத்தான்,” என்றாள் ராமாயி. “அத்தினி கொமரிப் பொண்ணுவள விட்டுட்டு.”

“துண்டப் பாத்தான்க்கா.”

“அதச் சொல்லு. துண்டுன்னா நம்பறேன்.”

மார்கழியில் அவன் பட்டாளத்துக்குப் போனான். மொட்டை அடித்த படம் ஒன்று வந்தது. அதைப் பார்த்த அன்றைக்கு செட்டில் யாரும் ஸ்பீக்கரைத் தொடவில்லை. பிறகு அறுவடை வந்தது, உளுந்து வந்தது, அடுத்த சம்பா வந்தது. புதுப்பாட்டு வராததால் பழைய பாட்டுகளையே போட்டார்கள். பரிதி தீபாவளிக்கு வந்தபோது போனில் ஒரு வசதி செய்து கொடுத்தாள். தோயுன் எப்போதாவது ஏதாவது எழுதினால், பணம் கட்டிய எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகும், தமிழிலும் மாற்றிக் காட்டும். மாதக்கணக்கில் அதில் ஒன்றும் வரவில்லை. மலர்க்கொடி மட்டும் அதை அழிக்காமல் வைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் ஆனி மாதம், குறுவை நடவு. வரப்பில் பிளாஸ்டிக் பைக்குள் இருந்த போன் ஒரு புது மாதிரியாகச் சத்தம் போட்டது. மலர்க்கொடியின் இரண்டு கையும் முழங்கை வரை சேறு. அவள் நிமிர்வதற்குள் ராமாயி வரிசையை விட்டு ஓடினாள். சட்டையில் கையைத் துடைத்தாள், போனை எடுத்தாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். செட்டு முழுக்க நாற்றும் கையுமாக நின்றது.

“‘நான் திரும்பி வந்துவிட்டேன். வெயிலில் கறுத்துப்போயிருக்கிறேன், சிரிக்காதீர்கள். நாளையிலிருந்து மறுபடி ஆடப் பழக வேண்டும். நீங்கள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?’”

ராமாயி போனை மலர்க்கொடியின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“சொல்லேன்டி. கேக்கறான்ல?”