நாலாவது மாடிக்குக் குளிர் கொண்டுவந்த முருகானந்தம்

முருகானந்தம் இன்று காலை இறந்துவிட்டார்.

எங்கள் ஜவுளிக்கடையின் ஏசி ஆபரேட்டர். நாற்பது வயதுகூட ஆகவில்லை... கிட்னி பிரச்சினை, ஒரு வருஷமாக டயாலிசிஸ்.

பொன்மலையில் அவர் வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் திரும்பி, தலைக்குக் குளித்துவிட்டு இதை எழுதுகிறேன். பஸ்ஸிலேயே அழுது முடித்தாயிற்று. இப்போது இருப்பது வேறு. பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு... அதே கடையில் நாலாவது மாடி, ஆல்டரேஷன் செக்‌ஷன். பிளவுஸ் பிடிப்பது, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது. பத்துப் பெண்கள், பத்து தையல் மெஷின், இரண்டு அயர்ன் பாக்ஸ். தலைக்கு மேலே மொட்டை மாடி. கஸ்டமர் யாரும் ஏறி வராத இடம்.

சித்திரை மாத திருச்சி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டுத்துணியில் வியர்வை சொட்டினால் திட்டும் எங்களுக்குத்தான். ஒருநாள் எங்கள் செக்‌ஷன் பெண் ஒருத்தி தைத்துக்கொண்டிருந்தபடியே மயங்கிச் சாய்ந்தாள்.

மேனேஜரிடம் போனால் ஒரே பதில். "மேல டிஸ்ப்ளேல இருபத்தஞ்சுன்னு காட்டுதும்மா. இன்னும் என்ன, ஊட்டியா வேணும் உங்களுக்கு?"

முருகானந்தம் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மொட்டை மாடியில் மினி வேன் சைஸில் நிற்கும் எங்கள் ஃப்ளோர் ஏசி மெஷின். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் உள்ளங்கை அகலத்துக்கு டிஸ்ப்ளே, கீழே வரிசையாக பட்டன். அதில் இருபத்தைந்து என்றுதான் இருந்தது. ரூம் குளிர்ந்துவிட்டது என்று நினைத்து மெஷினும் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அவர் அந்த நம்பரை நம்பவில்லை. வயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இறங்கி வந்தார். ரூம் சூட்டை அளக்கிற சென்சார் எங்கள் ரூமிலேயே இல்லை. லிஃப்ட் பக்கத்தில், கீழ் மாடிக் குளிர் ஏறி வருகிற இடத்தில் மாட்டியிருந்தார்கள்.

"அக்கா, இவ்வளவு நாளா லிஃப்ட்டுக்குத்தான் ஏசி போட்டிருக்காங்க," என்றார்.

அன்றைக்கே அதைக் கழற்றி எங்கள் சுவரில் மாட்டினார். அதோடு விட்டாரா... மத்தியானம் இரண்டு மணிக்கு முதலாளியையே மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் டிஸ்ப்ளே முன்னால் நிறுத்தினார். "நீங்களே படிங்க சார்" என்றாராம்.

முப்பத்தாறு.

முதலாளி குனிந்து இன்னொரு தடவை படித்தாராம். பிறகு, "இருபத்தாறுல வை. கடை திறந்திருக்கிற நேரமெல்லாம் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வாரத்தில் இந்தத் தைரியம் யாருக்கு வரும்?

அதற்குப் பிறகு நாங்கள் அடித்த கூத்தையும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தோம். நன்றி மறக்கக் கூடாதல்லவா, சென்சாருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, தண்ணீர் தெளித்த கதம்பத்தைச் சுற்றிவிட்டோம். அரை மணி நேரத்தில் காற்று நின்றுபோச்சு. பத்துப் பேருக்கும் புழுங்கித் தள்ளுகிறது.

மேலே போய்ப் பார்த்த முருகானந்தம் குழம்பிப்போய் வந்தார். டிஸ்ப்ளேயில் இருபத்து நாலாம். சுவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

"ஈரப் பூவைப் போர்த்தி விட்டா அதுக்கு ஜில்லுன்னுதானே இருக்கும்? போதும்னு மெஷினை நிறுத்திடுச்சு. மாலையை சாமிக்குப் போடுங்கக்கா," என்று சரஸ்வதி படத்துக்கு மாற்றிப் போட்டார்.

போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தினமும் பன்னிரண்டு மணிக்கு ஏசி தானாக நிற்க ஆரம்பித்தது. கரண்ட் பில் மிச்சம் பிடிக்க மேனேஜர் யாரையோ விட்டு டைமை மாற்றியிருக்கிறார். முதலாளியிடம் கேட்டேன். "நான் மாத்தச் சொல்லலையே, பழையபடியே வைங்க" என்றார். யார் வைப்பது?

தயங்கித் தயங்கி முருகானந்தத்துக்குப் போன் செய்தேன். டயாலிசிஸ் கட்டிலில் இருந்தார். "நீங்களே மேல போங்கக்கா, நான் சொல்றேன்" என்றார்.

நான் பத்தாம் கிளாஸ். வெயிலில் டிஸ்ப்ளேயில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. என் தலையையும் அதையும் சேர்த்து முந்தானையால் மூடிக்கொண்டு படித்தேன். "மெனு அமுக்குங்க. கீழ் அம்பு மூணு தடவை. ஷெட்யூல்னு வருதா?" குரல் அவ்வளவு மெலிந்திருந்தது. பன்னிரண்டை ராத்திரி ஒன்பதாக்கிவிட்டு ஜம்மென்று இறங்கி வந்தேன்.

ஓடவில்லை.

"என்டர் அமுக்காம வந்திருப்பீங்க. நானும் முதல் தடவை அப்படித்தான்க்கா" என்றார். மறுபடி ஏறினேன். மறுபடி முந்தானை. இந்தத் தடவை காலடியில் தரை அதிர்ந்தது. போனில் அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், "ஓடிடுச்சுக்கா" என்றார்.

பிறகு சொன்னார். "இனி யாரும் மாத்தாத மாதிரி ஒரு பாஸ்வேர்டு வைங்க. முதலாளிகிட்ட சொல்லிருங்க. என்கிட்ட வேண்டாம்க்கா... நான் எத்தனை நாளைக்கு?"

அதட்டினேன். அப்படியெல்லாம் பேசக்கூடாது என்றேன். ஆனால் அவர் சொன்னபடியேதான் செய்தேன்.

இன்று அவர் வீட்டு வாசலில் மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனுஷன் என்றார். ரெண்டு நிமிஷம் கழித்து மெதுவாக, "அந்த பாஸ்வேர்டை முருகானந்தம் யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போனாரா?" என்று கேட்டார்.

"அவருக்கே தெரியாது சார். நான் வெச்சது," என்றேன்.

போயிட்டு வாங்க தம்பி. ராத்திரி ஒன்பது வரைக்கும் ஓடும்.