அக்காவுக்குத் தெரியாமல் மொன்றியல்

ஷிப்ட் அட்டவணை போடுவது என் தொழில். கனடாவில், மிசிசாகா நகரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு களஞ்சியத்தில் யார் எந்த நாள், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் மார்ச் விடுமுறைக்குப் பிள்ளைகளை நாலு நாள் மொன்றியலுக்குக் கூட்டிப்போவது என்று முடிவானதும் அட்டவணையை நானே போட்டேன். அவ்வளவு வெட்கங்கெட்ட ஓர் அட்டவணையை நான் அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். என் பெரியம்மாவின் மகள். மொன்றியலில் இருக்கிறார். நான் அகதியாக இந்த நாட்டில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஒரே கதவு அவருடையதுதான். இரண்டு வருடம் அவர் வீட்டு ஹோலில் படுத்தேன். தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அவர் சமைத்ததைச் சாப்பிட்டேன். என் முதல் குளிர்ச்சட்டையும் அவர் வாங்கித் தந்ததுதான். இப்போது அத்தான் இல்லை, பிள்ளைகளும் இல்லை. முழங்கால் வலியோடு தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு ரெலிபோன் எடுப்பார்.

எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கக்கூடாது. தங்கினால் அது அவருடைய முகத்தில் அடித்தது மாதிரி. அந்தச் சட்டப்படி நாங்கள் ஐந்து தடவை மொன்றியலுக்குப் போய் அக்கா வீட்டில் நின்றிருக்கிறோம். போனால் சாப்பாடு. சாப்பாடு முடிய, அக்காவுக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே தேத்தண்ணீர், பலகாரம், பிள்ளை என்ன வகுப்பு என்ற விசாரணை. பிறகு கோயில், பிறகு மறுபடியும் சாப்பாடு. என் மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து தடவை மொன்றியலுக்குப் போயும் சோபாக்களைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை என்று ஒருநாள் இங்கிலிஷில் பொரிந்து தள்ளினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது உண்மை.

ஆகவே இந்த முறை ஹோட்டல். நீச்சல் குளம் உள்ளது. பழைய துறைமுகம், விஞ்ஞான அருங்காட்சியகம், மலை உச்சி. அக்காவுக்குச் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஹோட்டல் வாசலில் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வந்து நிற்பார். அதுகூடப் பரவாயில்லை, அழுவார். பிறகு லண்டன், பாரிஸ் எல்லாம் கதை போகும். அவளின் சோற்றைத் தின்றவன் ஹோட்டலில் நின்றானாம் என்று.

மொன்றியல் வரைபடத்தை எடுத்து, தமிழ்க் கடைகள் உள்ள தெருக்களையும் கோயில் பக்கத்தையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே எந்தக் கடையில் பால் வாங்கினாலும் அக்காவைத் தெரிந்த ஒருவர் பின்னால் நிற்பார். குடும்ப வாட்சப் குழுவில் படம் போடக்கூடாது என்றும் சட்டம் போட்டேன். மனைவி அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, களவெடுக்கப் போகிறோமா சுற்றுலா போகிறோமா என்று கேட்டாள். கேட்டாளே தவிர, அவளும்தான் ஹோட்டலுக்கு ஆசைப்பட்டாள். அட்டவணை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஏறியது.

அடுத்த ஞாயிறு அக்கா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு வருகிறதாமே, கூட்டிக்கொண்டு வாவன் என்றார். அந்தக் கிழமை முழுக்க ஓவர்டைம், அசைய ஏலாது என்று வாய் கூசாமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் பிள்ளைகளின் வாய் ஞாபகம் வந்தது. சின்னவளுக்கு ஏழு வயது. தமிழ் விளங்கும், கதைக்கமாட்டாள். அக்கா வீடியோவில் வந்தால் தலையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். ஆனாலும் நம்பமுடியாது. சாப்பாட்டு மேசையில் வைத்துப் பாடம் எடுத்தேன். அக்கா அவர்களுக்கு மாமி முறை. மாமி கேட்டால் என்ன சொல்லவேண்டும்? அப்பாவுக்கு வேலை, நாங்கள் வீட்டில்தான். நாலு நாள் சொல்லிக் கொடுத்தேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடமாக வராத வசனம் என் மேசையில் நாலு நாளில் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது முகம் எரிகிறது, ஆனால் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா எடுத்தார். ஞாயிறு இல்லாத நாளில் அவர் எடுப்பதில்லை. வலது கண்ணில் படலம், அதை எடுக்கிற ஒப்பரேசனுக்கு நாள் தந்துவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. எந்த வெள்ளி என்று கேட்டேன். நாங்கள் அங்கே நிற்கப்போகிற வெள்ளி.

"தனிய வரக்கூடாதாம் தம்பி. கூட்டிக்கொண்டு போக ஒராள் வேணுமாம். எனக்கு உன்ரை ஞாபகம்தான் வந்தது. ஒருநாள் வந்தால் காணும்."

அக்கா என்னிடம் எதையும் கேட்டதே கிடையாது. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. நான் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளி காலை: அருங்காட்சியகம். பின்னேரம்: நீச்சல் குளம். என் கையெழுத்து.

"லீவு தரமாட்டாங்கள் அக்கா," என்றேன்.

"பரவாயில்லை. வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதை. கீழ்வீட்டு ஹெயிட்டிப் பொம்பிளையைக் கேக்கிறன். அவ நல்ல மனுசி."

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். லீவு கிடைத்துவிட்டது என்று நாளைக்கே எடுத்துச் சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமை நீங்கள் அக்காவோடு போங்கோ, பிள்ளைகளை நான் பார்க்கிறேன் என்றாள். இவ்வளவு சுலபமான வழி. நான் அவள்மேல் பாய்ந்தேன். போனால் எங்கே நிற்கிறாய் என்று கேட்பார், பிள்ளைகள் எங்கே என்று கேட்பார், ஹோட்டலை ரத்துச் செய்யவேண்டும், பிள்ளைகளை ஏமாற்றவேண்டும் என்று கத்தினேன். அவள் உடுப்பு மடிக்கப் போய்விட்டாள்.

பிள்ளைகளாவது மண்ணாங்கட்டியாவது. ஹோட்டல் எனக்குத்தான் வேண்டியிருந்தது. இந்த வயதிலும் அக்கா வீட்டு வாசலை மிதித்தால் நான் ஒரு பொலித்தீன் பையோடு வந்து நின்ற அகதிதான். அவர் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்த ஹோலைப் பார்த்தாலே எனக்கு அது தெரியும். மொன்றியலில் நாலு நாள், யாருக்கும் கடன்படாத ஒரு மனிதனாக, அறைச் சாவியை வைத்துக்கொண்டு நடந்துபார்க்க ஆசைப்பட்டேன். அதற்காகக் கண் ஒப்பரேசனுக்குப் போகிற மனுசியைக் கைவிட்டேன்.

வியாழன் காரில் போனோம். வெள்ளி காலை பத்து மணிக்கு அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் ஏதோ பொத்தானை அமுக்கி மின்னல் உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் குடும்பக் குழுவில் அக்காவின் குரல் வந்தது. முடிஞ்சுது, ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். எனக்கு வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே அருவருத்தது. அவருக்குச் சுகம் என்பதைவிட, நான் தப்பிவிட்டேன் என்பதுதான் அதில் கூட இருந்தது. பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சனி பின்னேரம் நீச்சல் குளத்திலிருந்து அறைக்கு வந்தோம். மனைவி குளியலறையில் மூத்தவளின் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். சின்னவள் துவாயைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தாள். மனைவியின் ரெலிபோன் அடித்தது, அக்கா, வீடியோ. நான் பிடிக்க முதல் சின்னவள் எடுத்துவிட்டாள். நான் ஒரே பாய்ச்சலில் உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் ஒளிந்தேன். ஈரக் காற்சட்டையோடு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு.

அங்கிருந்து திரை தெரிந்தது. அக்காவின் வலது கண்ணுக்குமேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தது. மற்றக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அப்பா எங்கை என்று கேட்டார்.

"அப்பா வேலைக்குப் போட்டார் மாமி. நாங்கள் வீட்டிலைதான்," என்றாள் சின்னவள். ஓர் எழுத்துத் தடுக்கவில்லை.

"உது என்ன பின்னுக்கு, புதுக் கட்டிலோ?"

இதற்கு நான் பாடம் எடுத்திருக்கவில்லை. சின்னவள் திரும்பிக் கட்டிலின் தலைமாட்டைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஓம் மாமி, புதுக் கட்டில். அப்பா வாங்கினவர்."

"வடிவாயிருக்கு. சனிக்கிழமையும் வேலையோ அவனுக்கு, பாவம். மாமிக்கு நல்ல சுகம் எண்டு சொல்லு. யோசிச்சுக்கொண்டிருப்பான். வந்தவுடனை சாப்பிடச் சொல்லு, என்ன?"

அக்கா வீடு அந்த மலைக்கு மற்றப் பக்கம். மெட்ரோவில் ஏறினால் அரை மணித்தியாலம் ஆகாது. அப்போதுகூடப் போயிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். அவர் திட்டியிருப்பார், பிறகு சாப்பாடு போட்டிருப்பார். நான் அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

சின்னவள் ரெலிபோனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் துவாயோடு ஓடிவந்தாள். முகம் முழுக்கப் பூரிப்பு. இங்கிலிஷில் கேட்கவில்லை, தமிழிலேயே கேட்டாள்.

"நான் சரியாச் சொன்னனானே அப்பா?"

ஓம் என்றேன். கெட்டிக்காரி என்று தலையையும் தடவினேன்.