வலையை விட்டுட்டு ஓடியா

ஞானமேரி டிரில் டீச்சராக வேலைக்குச் சேர்ந்தது 1974இல், வைத்திக்குப்பத்து மீனவப் பிள்ளைகள் படித்த ஒரு தொடக்கப் பள்ளியில். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்து பென்ஷன் வாங்கியவர், ஊர் வழக்கில் சொன்னால் 'சொல்தா'. பிள்ளைகளைக் குளிக்க விரட்டவும் கோயிலுக்குக் கிளப்பவும் அவருக்கு ஒரே சத்தம்தான்: "அலே! அலே!" கிளம்பு, நட, சீக்கிரம் எல்லாம் அதில் அடக்கம். மகள் அந்தச் சத்தத்தை அப்படியே பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே வாரத்தில் 'அலே டீச்சர்' என்று பேர் விழுந்துவிட்டது.

தீயைப் பற்றிப் பாடம் நடத்தச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு சித்திரை மாதம் குப்பத்தின் வடக்குப் பக்கம் கீற்று வீடுகள் பற்றி எரிந்தன. வெளியே வந்துவிட்ட நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் திரும்ப உள்ளே ஓடினான். பிழைத்தான், ஆனால் இரண்டு கையும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்த ஞானமேரி, "ஏன்டா மறுபடியும் உள்ள போன?" என்று கேட்டார்.

"வலை உள்ள இருந்துது டீச்சர்" என்றான். இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல் இருந்தது அவன் பார்வை.

பள்ளி திறந்ததும் டிரில் வகுப்பில் தீப்பாடம் சேர்ந்துகொண்டது. புகைக்குள் குனிந்து ஓடுவது, துணியில் தீப்பிடித்தால் மணலில் உருளுவது, ஈரச் சாக்கை வீசுவது எல்லாம் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே வந்தன. ஒரு கேள்வியில் மட்டும் பாடம் முட்டிக்கொண்டு நின்றது.

"வீடு பத்திக்கிச்சு. முதல்ல எதத் தூக்குவீங்க?"

"வலை!" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

"உயிர் இருக்கிறததான் முதல்ல தூக்கணும்."

"வலைதான டீச்சர் சோறு போடுது?" என்றான் ஒருவன். கட்டுமரக்காரர் பாவாடையின் மகள் வசந்தா எழுந்து, "வலைய உட்டுட்டு வந்தா எங்கப்பா தோல உரிச்சிடும்" என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பாடம் நடத்த வேண்டியது அப்பன்மார்களுக்கு என்று ஞானமேரிக்கு அன்றைக்குப் புரிந்தது. சாயங்காலமே கரைக்குப் போனார். பாவாடையும் கூட்டாளிகளும் நைலான் வலையைக் காலில் மாட்டிப் பிடித்துக்கொண்டு கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், புள்ளைங்களுக்குக் கை கால ஆட்டக் கத்துக்குடுங்க. வலைய நாங்க பாத்துக்கறோம்" என்றார் பாவாடை.

"நெருப்பு வரும்போது நீங்க கடல்ல இருப்பீங்கண்ணே. வீட்டுல இருக்கிறது இவங்கதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். தூக்கினு ஓடட்டும்."

கரையே சிரித்தது. ஞானமேரியும் சிரித்துவிட்டு, "சரி, ஒருநாள் குப்பத்துலயே செஞ்சு காட்டறோம். நீங்கள்லாம் வந்து பாருங்க" என்றார்.

தலைமையாசிரியர் கிருஷ்ணசாமிக்கு இது பிடிக்கவில்லை. "தீ இல்லாத எடத்துல தீன்னு கத்துனா ஊரே அடிக்க வரும்மா. ஒரே ஒரு தடவ செஞ்சுக்குங்க. ஏதாவது தகராறு வந்துது, பள்ளிக்கூடத்துல இனிமே தீப்பாடமே கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம். கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. ஆண்கள் கைகட்டி வேடிக்கை பார்க்க, பெண்கள் மீன் விற்ற கூடைகளோடு வந்து நின்றார்கள். பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குள் காத்திருந்தார்கள். ஞானமேரி விசிலை ஊதினார்.

"நெருப்பு! அலே!"

கண்மூடித் திறப்பதற்குள் வெளியே பாய்ந்தார்கள். ஒருவன் கையில் துடுப்பு, இன்னொருவன் கக்கத்தில் சேவல். ஒரு சின்னப் பெண் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசியாக, தன்னைவிடப் பெரிய வலை மூட்டையின் கீழே தள்ளாடித் தள்ளாடி வசந்தா வந்து சேர்ந்தாள்.

பாவாடை தொடையில் தட்டினார். "பாத்தீங்களா எம் பொண்ண! ஒரு கண்ணி அறுபடல!"

"எல்லாம் வெளிய வந்துருச்சா வசந்தா?" என்று கேட்டார் ஞானமேரி.

"வந்துருச்சு டீச்சர்."

"தூளி?"

கூடை விழுந்த சத்தம் கேட்டது. வசந்தாவின் அம்மா தையல்நாயகி ஆட்களைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். எரியாத வீடுதான், ஆனாலும் குப்பமே வாசலை எட்டிப் பார்த்தது. கைக்குழந்தையை மார்பில் அணைத்தபடி அவர் வெளியே வந்தபோது அது கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நேராகப் புருஷன் எதிரில் வந்து நின்றார்.

"வலையத் தூளியில போட்டு ஆட்டு. பாலும் நீயே குடு."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பாவாடை சிரிக்கவில்லை. வசந்தா மூட்டையைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"அவளத் திட்டாதீங்கண்ணே. அவ உங்க பேச்சத்தான் கேட்டா" என்றார் ஞானமேரி. "மாத்திச் சொல்றதா இருந்தாலும் நீங்கதான் சொல்லணும்."

பாவாடை தொண்டையைக் கனைத்தார். கடலைப் பார்த்துக்கொண்டு, "வலை எரிஞ்சா எரியட்டும்" என்றார்.

"கடல்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? பொண்ணுகிட்ட சொல்லு" என்றார் தையல்நாயகி.

அவர் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தார். "வலைய உட்டுட்டு ஓடியா பாப்பா. தம்பியத் தூக்கினு ஓடியா."

அதன்பிறகு மற்ற அப்பன்மார்களும் ஒவ்வொருவராகத் தம் பிள்ளையிடம் அதையே சொன்னார்கள். ஒருவர் மட்டும், "பெரிய வலைய மட்டும் எப்படியாவது..." என்று இழுத்தார். பெண்டாட்டி கிள்ளியதும் நிறுத்திக்கொண்டார். தகராறு எதுவும் காதுக்கு வராததால் கிருஷ்ணசாமியும் பேசாமல் இருந்துவிட்டார். தீப்பாடம் வருஷாவருஷம் பங்குனியில் நடந்தது.

1981 கோடையில் நிஜமாகவே தீ வந்தது. அடுப்பில் எரிந்த சவுக்கு மிளாறிலிருந்து பொறி பறந்து கூரையில் விழுந்தது. மேற்கேயிருந்து அடித்த மேல்காற்று அதை வரிசையாக இழுத்துக்கொண்டு போனது. யாரும் விசில் ஊதவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு குனிந்து ஓடிவந்தார்கள். ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள், நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஈர மணலில் உட்காரவைத்தார்கள். திரும்ப உள்ளே போகப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் பாவாடை.

வசந்தா லுங்கியின் ஒரு நுனியைப் பிடித்தாள், தம்பி இன்னொரு நுனியை. லுங்கி அவர்கள் கையோடு வந்துவிட்டது. குப்பமே பார்க்கக் கோவணத்தோடு நின்ற பாவாடை என்ன செய்வதென்று தெரியாமல் மணலில் குந்தினார். அந்த நேரத்துக்குள் அவர் வீட்டுக் கூரை எரிந்து, உள்ளே இருந்த வலையின் மேல் சரிந்து விழுந்தது. தையல்நாயகி ஒரு துண்டை வீசினார். "கட்டிக்க. உசுரு இருக்குது, மானத்தயும் காப்பாத்திக்க."

வீடுகள் போயின, வலைகள் உருகி உருண்டையாகிக் கிடந்தன. பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடத் தீக்காயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குப்பத்தைப் பார்க்க வந்த ஞானமேரியை ஆண்கள் மறித்துக்கொண்டார்கள். "புள்ளைங்க சரியாத்தான் இருக்குதுங்க டீச்சர். எங்களுக்கு ஒரு வகுப்பு வைங்க." வைத்தார். அதைப்போலக் கட்டுப்படாத வகுப்பு அவருக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னால் பிள்ளைச்சாவடி, கனகசெட்டிக்குளம் என்று மற்றக் குப்பங்களில் போய் நடத்தியபோதும் வாய்த்ததில்லை. வெற்றிலை மென்றார்கள், ஒருவரையொருவர் தள்ளிவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசினார்கள். அப்படிப் பேசியதில்தான் அந்த யோசனையும் வந்தது: வலை வீட்டில் இருந்தால்தானே உள்ளே ஓடத் தோன்றும்? கரையில் ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று கட்டி எல்லா வலையையும் அங்கேயே வைத்துவிட்டால்?

மழைக்கு முன்னால் கொட்டகை எழும்பிவிட்டது. பூட்டின் சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் சண்டை. ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகப்பட்டார்கள். மத்தியானம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த தையல்நாயகி சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, கூடையைத் தலைக்கு ஏற்றி மீன் விற்கப் போய்விட்டார்.