எதையும் பூட்டாத பூட்டு

பண்டமாரானில் எங்கள் வீட்டு வாசலில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கோயிலிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். கழுத்தில் எரிச்சல் தெரிந்தபோது அவர்கள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள்.

எங்கள் தாமான் குடியிருப்பின் பாதுகாப்புக்கென்றே வைத்திருந்த வாட்சப் குழுவில் 'திருடன்! எங்க வீட்டு முன்னால!' என்று போட்டேன். அந்தக் குழுவில் காலையில் சாமி படம் வரும், மதியம் சர்க்கரைக்கு வைத்தியம் வரும். பழக்க தோஷம், என் செய்திக்கும் நாலைந்து பேர் கும்பிடும் கையைப் போட்டார்கள். ஒருவர் 'இனிய மாலை வணக்கம்' என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனையே வீசியிருப்பேன்.

போலீசில் புகார் கொடுத்தோம். அத்தோடு என் நடையும் நின்றது. "இனிமே எங்க போனாலும் நான் கார்ல கொண்டுபோய் விடுறேன். தனியா நடக்கிற வேலையெல்லாம் வேணாம் லா" என்றார் கணவர். அக்கறைதான், தெரியும். ஆனாலும் வயிறு எரிந்தது. திருடன் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனான். தெருவை எடுத்துக்கொண்டது என் வீட்டுக்காரர். ஆபீசில் வாரம் முழுக்க நாற்காலியிலேயே கிடக்கிற எனக்கு, வெள்ளிக்கிழமை நடை ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருந்தது. சங்கிலி போனால் போகட்டும், அதை விடுவதாக இல்லை.

வழி சொன்னது பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி. என் செய்தியை மறுநாள்தான் பார்த்தாராம். அவருக்கு என்மேல் கோபம். "சமைக்கிறப்போ யாரு போனைப் பார்ப்பா?" என்று மலாயில் திட்டினார். "நீ கேட்டைத் தட்டியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே!"

உண்மைதான். எங்கள் வரிசையில் அழைப்பு மணி இருந்தாலும் யாரும் அழுத்துவதில்லை. கேட்டில் தொங்கும் பூட்டைப் பிடித்து இரும்பில் இரண்டு தட்டு. அந்தச் சத்தத்துக்குக் குளிக்கிறவர்கூட உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அன்றே வீடு வீடாக ஏறி இறங்கினேன். பூட்டுச் சத்தம் விடாமல் கேட்டால் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், நீங்களும் வந்து உங்கள் பூட்டைத் தட்டுங்கள் என்றேன். கேட்டைத் திறக்க வேண்டாம், திருடன்மேல் கை வைக்கவும் வேண்டாம், யாராவது ஒருவர் போலீசைக் கூப்பிட்டால் போதும் என்றும் சொன்னேன்.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தாமான்ல திருவிழா நடத்தப் போறியா?" அப்போதுதான் அவர் ஆசையாக ஆட்டோ கேட் போட்டிருந்தார். ரிமோட்டை அழுத்தினால் திறக்கும், பூட்டே கிடையாது. அவர் காரிலேயே கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பூட்டை வாங்கி வந்து அதில் மாட்டினேன்.

"இது எதைப் பூட்டுது?"

"எதையும் பூட்டல. சும்மா தொங்கட்டும்."

சில வாரம் கழித்து ஒரு மாலை செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கடைசி வீட்டு மலாய் அக்கா பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு இரண்டு கையிலும் பையோடு வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேரோடு ஒரு மோட்டார், அவரை முந்தாமல் ஊர்ந்து வந்தது. நம்பர் தகட்டை மடக்கிவிட்டிருந்தார்கள். எனக்குக் கழுத்து மறுபடி எரிந்தது. குழாயைப் போட்டுவிட்டுப் பூட்டைப் பிடித்தேன்.

டங் டங் டங் டங்! உடனே சீன ஆன்டியின் கேட் அதிர்ந்தது. பிறகு எதிர் வீடு. பிறகு வரிசை முழுக்க. காது கிழிந்தது. மலாய் அக்கா பைகளோடு எங்கள் வீட்டுச் சுவரோரம் ஒட்டிக்கொண்டார். மோட்டார்க்காரர்கள் மிரண்டுபோய் வேகமாக முன்னால் போனார்கள். அந்தப் பக்கம் வழியில்லை, பெரிய கால்வாய்தான். திரும்பி வந்தால், மூலை வீட்டு அண்ணன் தன் லோரியைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார். பிரேக் பிடித்ததில் சறுக்கி விழுந்தார்கள். யாரும் அவர்களைத் தொடவில்லை. போலீஸ் வரும்வரை விடாமல் தட்டினோம். அந்தச் சத்தத்துக்கு நடுவே எழுந்து ஓடவும் அவர்களுக்குத் துணிவு வரவில்லை. போலீஸ் திறந்து பார்த்த மோட்டார்ப் பெட்டிக்குள் யாரோ ஒரு பெண்ணின் கைப்பை இருந்தது.

கை வலிக்கிறதே என்று நடுவில் நான் பூட்டை விட்டபோதும் எங்கள் கேட்டில் சத்தம் நிற்கவில்லை. சாரோங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் கணவர் தட்டிக்கொண்டிருந்தார்.

என் சங்கிலியை அறுத்தவர்கள் அவர்கள்தானா என்று தெரியாது. அது திரும்பி வரவேயில்லை. ஆனால் அடுத்து வந்த வெள்ளிக்கிழமை நான் செருப்பை மாட்டியபோது கணவர் கார்ச் சாவியைத் தேடவில்லை. "பார்த்துப் போ" என்றார், அவ்வளவுதான்.

நிம்மதியாகச் சாமி கும்பிட்டுவிட்டு நடந்தே திரும்பினேன். வந்து பார்த்தால், ரிமோட்டை எடுத்துப் போக மறந்திருக்கிறேன். உள்ளே டிவி அலறியது. பூட்டைத் தட்டினேன். கேட்கவில்லை போலிருக்கிறது என்று பலமாக, விடாமல் தட்டினேன்.

சீன ஆன்டி கரண்டியோடு வந்துவிட்டார். எதிர் வீடு தட்ட ஆரம்பித்தது. மூலையில் லோரி உறுமியது. கடைசியாக என் கணவர் மூச்சிரைக்க ஓடிவந்து, "எங்க அவன், எங்க அவன்?" என்றார்.

நெற்றியில் திருநீறோடு நடுத்தெருவில் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். "நான்தான் லா, கேட்டைத் திறங்க" என்றேன்.