மலைக்குப் பின்பக்கம் ஒரு வழி

நான் பிறந்தது கீரமங்கலத்துப் பக்கம். அங்கே நிலம் விரித்த பாய் மாதிரி கிடக்கும். ஏறுவதற்கென்று இருந்தது புளியமரம் மட்டுந்தான். கல்யாணமாகி மேற்கே வந்த பிறகுதான் மலை என்ற ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தேன். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொட்டைப் பாறை, அடிவாரத்திலும் மேலே பாறை இடுக்குகளிலும் முள்ளுக்காடு, அவ்வளவுதான். அந்தக் காட்டைத்தான் காவல் காடாக்கி, சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது என்று காவலுக்கு ஒரு ஃபாரஸ்ட் கார்டையும் போட்டிருந்தார்கள். மழை பொய்த்த வருஷங்கள் அவை. வயலில் வேலை இல்லை. விறகு டவுனுக்குப் போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அதனால் எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர், கார்டுக்குத் தெரியாமல் மலையின் பின்பக்கமாக ஏறி, மேலே விறகு வெட்டிக்கொண்டு இறங்கினோம்.

அது பாறை வெடிப்புக்குள் போகிற வழி. மேலேயும் கீழேயும் வெளியிலிருந்து பார்த்தால் புதர்தான் தெரியும். உள்ளே புகுந்தால், பாதம் வைக்கிற அளவுக்குக் கல்லில் படி படியாக வெட்டியிருக்கும். என் மாமியார் அதை எனக்குக் காட்டுவதற்கே முழுசாக ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாள். "ஒம் புருசன்கிட்டக்கூட மூச்சு விடாதே" என்றாள். விடவில்லை.

மேலே ஒரு குகை. தரையில் வழவழவென்று செதுக்கிய கல் படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு படுக்கையில் காலை நீட்டுவோம். வெயிலில் வெந்த முதுகுக்கு அந்தக் குளிர்ச்சி, அடடா. வீட்டில் எனக்கென்று ஒரு பாய்கூடக் கிடையாது. அங்கே மூன்றாவது படுக்கை என்னுடையது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு சித்திரை மாதம், டவுனிலிருந்து ஓர் அய்யா வந்தார். ஊர் ஊராக நடந்து, பாறைகளில் இருக்கும் பழைய எழுத்துகளைக் காகிதத்தில் படியெடுக்கிறவர். எங்கள் குகையைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தார். காகிதத்தை நனைக்கத் தண்ணீர் வேண்டுமாம். குடம் தூக்க என்னைக் கூப்பிட்டார்கள். வழிகாட்ட வந்தவன் யார் என்கிறீர்கள்? அந்தக் கார்டேதான்.

முன்பக்க வழி ஊருக்கெல்லாம் தெரியும், ஒருவரும் போகமாட்டார்கள். பாறை விளிம்பில் ஓர் ஆள் அகலம். அதற்கு அங்கிட்டு வெறும் பள்ளம். அய்யா பாறையையே பார்த்துக்கொண்டு நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்தார். படுக்கைகளைக் கண்டதும் பட்ட பாடெல்லாம் மறந்துவிட்டது அவருக்கு. தலையணை ஓரத்தில் ஈரக் காகிதத்தை ஒட்டி, தட்டி, மசி ஒற்றி எடுத்தார். வெள்ளை வெள்ளையாக எழுத்து வந்தது. தினமும் தலை வைக்கிற இடத்தில் எழுத்து இருந்திருக்கிறது; நான் கீறல் என்று நினைத்திருந்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதோடு அவர் வாயை மூடியிருக்கலாம். "துறவிங்க படுத்த எடம். அவங்க போனப்புறம் ஆயிரம் வருசமா இங்க மனுச வாடையே இல்லை" என்று கார்டிடம் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முந்தாநாள் நான் படுத்தேங்க. அந்த மூணாவது என்னோடது" என்றேன்.

சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. கார்டு மெதுவாக என் பக்கம் திரும்பினான். "அன்னிக்கு எந்தப் பக்கமா ஏறி வந்தே?" என்றான். நான் குனிந்து குடத்தை எடுத்தேன். "முன்பக்கமா வந்திருந்தா நான் பார்த்திருப்பேன். அப்ப பின்னால ஒரு வழி இருக்கு. ரெண்டு வருசமா என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்கீங்க. நாளைக்கே முள்ளைப் போட்டு அடைக்கிறேன்" என்றான். இத்தனை வீட்டு உலையையும் என் ஒரு வாய் கவிழ்த்துவிட்டது.

திரும்பும் நேரம் வந்தது. விளிம்பில் ஒரு காலை வைத்த அய்யா இந்தத் தடவை கீழே பார்த்துவிட்டார். அப்படியே உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. கார்டு கையைப் பிடித்து இழுத்தும் பலனில்லை. பொழுது மேற்கே சாய்ந்தது. கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "வேற வழி இருக்காம்மா?" என்றார்.

"இருக்குங்க. நீங்க மட்டும் வரணும். கார்டு வந்த வழியே போகட்டும். அந்த வழியை நீங்க எழுதக் கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"பார்த்ததை எழுதறதுதாம்மா என் வேலை."

"அப்ப வந்த வழியே போங்க."

கார்டு கையை ஓங்கினான். அய்யா அவனைத் தடுத்து, பள்ளத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "நீ முன்பக்கமாப் போ" என்றார். அவன் பாறையைத் தாண்டி மறைகிற வரைக்கும் நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

வெடிப்புக்குள் இறங்கினோம். நாலாவது படியில் அய்யா நின்றுவிட்டார். கையால் தடவித் தடவிப் பார்த்தார். "படுக்கையை வெட்டினவங்களே இதையும் வெட்டியிருக்காங்க. உளிபட்ட விதம் ஒண்ணா இருக்கு. இத்தனை நாள் இதைத்தாம்மா தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். கை சட்டைப்பைக்குள் நோட்டைத் தேடியது. நான் வழியை மறித்து நின்றேன்.

"கையை வெளிய எடுங்க."

"இதை எழுதாம விட்டா பாவம்மா."

"எழுதினா எங்க அடுப்பு எரியாதுங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வராமல் இல்லை, ஆனாலும் நகரவில்லை. எழுதவில்லை என்று அவர் தலையை ஆட்டிய பிறகுதான் அடுத்த படியில் கால் வைத்தேன்.

அன்று சாயந்திரம் நடந்ததை ஒன்று விடாமல் மாமியாரிடம் சொன்னேன். அவள் வையவில்லை. "நாளையிலேருந்து நீ முன்னால போ. பிடிபட்டா மொதல்ல நீ பிடிபடு" என்றாள். அது நியாயந்தான். விடியுமுன்னே போய்ப் புதரை விலக்குகிறபோதெல்லாம் கார்டு உள்ளே உட்கார்ந்திருப்பான் என்றே நினைத்தேன். அவன் வரவில்லை. அடிவாரம் முழுக்கத் தேடிக்கொண்டுதான் திரிந்தான், வெடிப்பின் வாய் அவனுக்குத் தெரியவில்லை. பத்தாம் நாள் மாமியார் என்னைத் தாண்டி முன்னால் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து, விறகு கொண்டுபோன ஒரு வீட்டில் அந்த அய்யா எழுதிய புத்தகம் இருந்தது. வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து வாத்தியார். வாசலில் கட்டை இறக்கிவிட்டு, வாசிக்கத் தரச் சொல்லிக் கேட்டேன். நான் நாலாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசித்தேன். படுக்கைகள் இருந்தன, எழுத்து இருந்தது. மலையின் பின்பக்கம் செங்குத்தான பாறை, அங்கே வழி ஏதும் இல்லை என்று போட்டிருந்தது. அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன்.

"நீ அந்த ஊர்தானே, இதெல்லாம் சரியா எழுதியிருக்காரா?" என்றார் வாத்தியார்.

"அச்சுல போட்டது தப்பா இருக்குமாங்க?" என்று சொல்லிவிட்டு, அன்று காலையில் அந்த வழியாக இறக்கிய கட்டைத் தூக்கி அவர் வீட்டுக் கொல்லையில் போட்டேன்.