சோப்பு போட்டுக் கழுவிய மாட்டுக் கொட்டகை

வடக்கனந்தலில் எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்தவை இரண்டு மாடுகள். அவை போடும் சாணத்தைக் கரைத்துக் குழியில் விட்டால் கேஸ் வரும்; குழாய் வழியாக வந்து அடுப்பில் நீலமாக எரியும். அதுவரை மரவள்ளிக் குச்சியை எரித்துப் புகையில் இருமித் தீர்த்த அம்மாவுக்கு அந்த மாடுகள் என்றால் உயிர்.

அந்த வாரம் அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அப்பாவின் தங்கை, நர்சிங் படிக்க வேண்டுமென்று ஒரு மாதமாக அழுதுகொண்டிருந்தவள். "இந்த எடம் அமையலன்னா படிக்கப் போ, நான் இன்னா வாணான்னா சொல்றேன்?" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அத்தை அழவேயில்லை.

"வூட்டுக்கு வர்றவங்க மூக்கைப் பொத்திக்கினு நிக்கக் கூடாது பாரு. கொட்டாயை நல்லாக் கழுவுடி கண்ணு" என்று அத்தை சோப்புத்தூள் பாக்கெட்டை என் கையில் கொடுத்தாள். ஐந்து நாள் கழுவினேன். நுரை நுரையாக எல்லாம் குழிக்குள் போனது. எனக்கு ஒரே பெருமை.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று பஜ்ஜி மாவு தயார், எண்ணெய் தயார். அடுப்பு மட்டும் பற்றவில்லை. தீப்பெட்டி பாதி காலியானது. கடைசியில் மழையில் நனைந்து கிடந்த மரவள்ளிக் குச்சியை வைத்து மூட்டினார்கள். வீடெல்லாம் புகை. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே, "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அடுப்பே எரியலன்னா இன்னாங்க அர்த்தம்?" என்று எழுந்துவிட்டார். கண்ணீரோடு அவர்கள் வெளியேறியதைப் பார்த்துத் தெருக்காரர்கள், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் குழி அமைத்துக் கொடுத்தவர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சாணத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருந்துதான் கேஸ் உண்டாக்குகின்றனவாம். சோப்பு பட்டால் செத்துவிடுமாம். "சோப்புத் தண்ணி மட்டும் கூடாதுன்னு உங்க தங்கச்சிகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனேங்க!" என்றார் அப்பாவிடம்.

"மறந்தே போச்சுண்ணா" என்றாள் அத்தை, தரையைப் பார்த்தபடி.

கழுவியது நான் என்பதால் அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். எனக்கோ அத்தையை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. வந்த வரன் போனது போதாதென்று திட்டு வேறு வாங்க வேண்டுமா? சோப்புத்தூள் கொடுத்தது யாரென்று நான் வாயே திறக்கவில்லை. இவ்வளவு மறதிக்காரி நர்சிங்கில் சேர்ந்து மருந்துப் பெயர்களை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறாள் என்பதுதான் அப்போது என் பெரிய கவலை.