ஆரஞ்சு நிறக் கேள்வி

எங்கள் மருத்துவமனை நெஞ்சகப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக மூன்று செய்திகள்தாம் வரும். சளி டப்பா தீர்ந்துவிட்டது, மிஷின் ஓடவில்லை, மிஷின் ஓடுகிறது. சென்ற வாரம் ஒரு நாள் காலை, திருநகரிலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது நான்காவதாக ஒன்று வந்தது. ஆய்வகத்துப் பத்மா மேடம் காலமானார். வயிற்றில் புற்று, எதிர்பார்த்ததுதானே என்று பலரும் எழுதியிருந்தார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. கேட்பதற்கு இன்னும் கேள்வி இருக்கும்போது பத்மா எப்படிப் போவார்? இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியாததில்லை. வில்லாபுரத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். அம்மாவோடு போனில் பேசுவதும், மக்கர் பண்ணும் மிஷினைத் திட்டுவதும் வீட்டு மொழியில். மற்றதெல்லாம் மதுரைத் தமிழ். நான் நெஞ்சகப் பிரிவில் ஆலோசகன். வரும் காசநோயாளிகளிடம் பழைய கதையைக் கேட்டுப் படிவம் நிரப்புவது என் வேலை. அவர்களுடைய சளியில் கிருமி இருக்கிறதா, இருந்தால் அது மருந்துக்கு அடங்குமா என்று பார்ப்பது அவர் வேலை.

ஒருமுறை வெளியூர் அதிகாரி ஒருவர் ஆய்வுக் கூட்டத்துக்கு வந்தார். எங்களிடம் வரும் காசநோயாளிகளில் எத்தனை பேருக்கு வழக்கமான மருந்து கேட்பதில்லை என்ற கணக்கை எங்கள் மருத்துவர் வாசித்தார். "மாவட்டம் முழுக்க இவ்வளவு பேருக்கா?" என்று அதிகாரி பதறிப்போனார். கடைசி வரிசையிலிருந்து பத்மா எழுந்தார். "சார், மெக்கானிக் கடையில நின்னுக்கிட்டு ஊர்ல இருக்கிற பைக்கெல்லாம் ரிப்பேருன்னு சொல்லலாமா? அங்கங்கே மாத்திரை சாப்பிட்டுக் குணமானவன் இங்க எதுக்கு வாரான்? எத்தனை பேருங்கிறது அப்புறம் சார். யாருல எத்தனை பேரு? அதை முதல்ல சொல்லுங்க." மருத்துவரின் முகம் கொஞ்ச நேரம் சரியாக இல்லை. அதிகாரி மட்டும் அந்தக் கேள்வியைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, இதுவரை காசநோய் மருந்தே சாப்பிடாத புதியவர். மற்றது, ஏற்கெனவே சாப்பிட்டவர். பாதியில் மருந்தை விட்டவருக்கு அடுத்த முறை மருந்து கேட்காமல் போவது எங்களுக்குப் பழக்கப்பட்ட விஷயம். ஆனால் புதியவருக்கே கேட்கவில்லை என்றால், அடங்காத அந்தக் கிருமியை வேறு யாரோ அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். பத்மாவை அரித்துக்கொண்டிருந்தது இந்த முதல் கட்டம்தான். "இம்புட்டுப் பேரு புதுசுன்னு வாராங்களே, நெசமாவே புதுசாண்ணே?" என்று என்னைத் துளைப்பார்.

விடை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து வந்தது. அங்கே பூக்கட்டும் ஒரு அக்காவை நான் புதியவர் என்று எழுதி முடித்திருந்தேன். போகும்போது அவர், "சார், ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலர்ல போகுமே, அந்த மாத்திரையா? போன தடவை பயந்தே போயிட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற பத்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "போன தடவையா? எப்பக்கா?" அந்த அம்மா பொய் சொல்லவில்லை. எங்கோ ஒரு டாக்டர் நெஞ்சுச்சளி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். அதன் பெயர் காசநோய் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. காசநோய் மாத்திரை சிறுநீருக்குக் கொடுக்கும் அந்த நிறம் மட்டும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து பத்மா தன் ஜன்னலுக்கு வரும் எல்லாரிடமும் அதைக் கேட்டார். "அண்ணே, வெக்கப்படாமச் சொல்லுங்க, எப்பவாச்சும் ஆரஞ்சுக் கலர்ல போச்சா?" ஆட்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்த பிறகு சொல்லிவிடுவார்கள். நான் பேனாவும் படிவமுமாக உட்கார்ந்து வாங்க முடியாததை அவர் நின்றபடியே வாங்கினார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

பிறகு நானே இரும ஆரம்பித்தேன். என் படிவத்தை நானே நிரப்பினேன், புதியவர் என்று. சளி டப்பாவை வாங்கிக்கொண்டு பத்மா விளையாட்டாகத்தான் கேட்டார். "என்னண்ணே, உங்களுக்கு ஆரஞ்சுக் கலர்ல போயிருக்கா?" நான், "எனக்கெதுக்குப் போகுது" என்றேன். மறுநாள் முடிவுத் தாளை வேறு யார் கையிலும் கொடுக்காமல் அவரே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். மருந்துக்கு அடங்காத வகை.

புதியவருக்கு அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? பத்மா அண்ணாந்து பார்த்தார். ஆய்வகத்துக் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி, என் மேஜை இருந்த தாழ்வாரத்தைப் பார்த்துத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. "என் ரூம்லேருந்துதான் உங்களுக்கு வந்திருக்கு" என்று முடிவுகட்டிவிட்டார். அலுவலகம் அலுவலகமாக அலைந்து, பொறியாளரோடு சண்டை போட்டு, அந்த விசிறியை ஆளில்லாத பின்பக்கச் சுவருக்கு மாற்ற வைத்தார். நான் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத் தேறிவரும் வரை, வாரம் தவறாமல் அவித்த முட்டையும் கடலை உருண்டையும் கொடுத்தனுப்பினார். நான் வாயை மூடிக்கொண்டு தின்றேன். எழுதவே கூசுகிறது.

ஏனென்றால் நான் புதியவன் இல்லை. இருபத்திரண்டு வயதில் எனக்குக் காசநோய் வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அதை மறைத்தேன். பிறகு மறைத்ததை மறைத்தேன். அடுத்தவர் கதையைக் கேட்டு எழுதுகிற நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வாயைத் திறக்க இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பத்மா நீண்ட விடுப்பில் போன பிறகு வில்லாபுரம் போய் அவரைப் பார்த்தேன். பாதியாகிப்போயிருந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்குப் பதிலாக, "பத்மா, எனக்கும் ஆரஞ்சுக் கலர்ல போயிருக்கு" என்றேன்.

பத்மா சுவரில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்தார்.

"எத்தனை மாசம் சாப்பிட்டீங்க?"

"ரெண்டு. இருமல் நின்னுச்சு. திருப்பூர்ல வேலை கெடைச்சுச்சு. விட்டுட்டேன்."

"எங்க வாங்குனீங்க? வீட்ல வேற யாருக்காச்சும் இருந்துச்சா? நிறுத்தி எத்தனை வருசம் கழிச்சு மறுபடி இருமுனீங்க?"

கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "அடப் பாவி மனுசா! அந்த ஃபேனைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சுச்சே. நான்தான் உங்களைப் படுக்க வச்சேன்னு எங்கம்மாகிட்ட அழுதிருக்கேன், தெரியுமா?"

நானும் அழுதேன். "உங்களால வரல பத்மா, என்னாலதான்" என்றேன்.

உடனே விரலை ஆட்டினார். "அதையும் அடிச்சுச் சொல்ல முடியாதுண்ணே. பழைய கிருமி முழிச்சுக்கிச்சா, புதுசு வந்து ஒட்டுச்சா, யாரு கண்டா? ஃபேனு அங்கேயே இருக்கட்டும்." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா புதியவர் கட்டத்துல ஒரு ஆளு தப்பா உக்காந்திருக்காரு. அவரை எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாளே படிவத்தைத் திருத்தினேன். என் மனைவியிடமும் சொன்னேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது இந்த மலரில் எழுதி உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பத்மா இதைப் படித்திருந்தால், எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேர் தங்களுடையதைச் சொன்னார்கள் என்று கேட்டிருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். முன்னால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். துக்கம் கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று, பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு லோடு வண்டி டிரைவர் மனைவியோடு வந்தார். முன்பு மருந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்டதும் வெடுக்கென்று இல்லை என்றார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"எனக்கு ஒரு காலத்துல ஆரஞ்சுக் கலர்ல போச்சுண்ணே. பாதியில மாத்திரையை விட்டேன். அப்புறம் மருந்து கேக்காமப் படுத்தேன். உங்களுக்கு எப்பவாச்சும் அப்படிப் போயிருக்கா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தண்ணீர் பிடிக்கப் போன மனைவி திரும்பி வருகிறாரா என்று வாசலைப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ரெண்டு தடவைண்ணே" என்றார்.